கள்ளக்குறிச்சிச் சிறுதொழில் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் திருக்கோவிலூரிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் பட்டறையோ கடையோ சிற்றாலையோ வைத்துக் குடும்பம் நடத்தும் உங்களுக்கும், கல்வராயன் மலைமேல் சாமை, தினை, கடுக்காய், புளி, தேன் முதலியவற்றைக் கொண்டு ஜீவனம் செய்துவரும் சகோதர சகோதரிகளுக்கும் இம்மடலை எழுதுகிறேன். அரசாங்கம் உங்கள் தொழிலுக்கென்று ஏற்படுத்தி வைத்திருக்கும் உதவிகளில் பெரும்பகுதி இனாமாகக் கிடைக்கக்கூடியது என்பதும், இனாமாகக் கிடைக்கும் அந்த உதவியையே நம்மில் பலர் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துப் பெறுகிறார்கள் அல்லது விவரம் தெரியாமையால் பெறாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதும், நெடுநாளாக என் மனத்தை உறுத்தி வரும் விஷயங்கள்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதற்கு முன்பெல்லாம் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமானால் பஸ் ஏறி விழுப்புரம் போக வேண்டும். அன்று அதிகாரி முகாமுக்குப் போயிருந்தால், இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடியும் போக வேண்டும். வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருபவருக்கு அந்தப் பிரயாணத்தின் சிரமம் சொல்லி முடியாது. இன்று ஆட்சியர் அலுவலகம் முதற்கொண்டு யாவும் நம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. வந்த பிறகும் அவற்றின் படியேற நாம் தயங்குவானேன் என்பதே என் கேள்வி.

தொழில் மையத்துக்குள் நுழையும் நம்மவர் முதலில் கேட்பது, "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். கேட்பதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொண்டு, "என் தொழிலில் இன்ன குறை இருக்கிறது, அதைத் தீர்க்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்வதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

மானியம் எவ்விதம் வந்து சேருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால் நான் சொல்வதன் நியாயம் விளங்கும். மத்திய சர்க்கார் 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமத்தில் தொழில் தொடங்கும் பொதுப் பிரிவினருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை ரொக்கமாக உங்கள் கைக்கு வருவதில்லை. அது கடன் கொடுத்த வங்கியிலேயே உங்கள் பெயரில் மூன்று வருஷ காலம் வைப்புத் தொகையாக இருக்கும். அவ்வளவு தொகைக்கு மாத்திரம் கடனுக்கு வட்டி போடமாட்டார்கள். மூன்று வருஷம் முடிந்து, தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நேரில் வந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின்னரே அதைக் கடனில் வரவு வைப்பார்கள். ஆகவே, மானியம் கிடைக்கிறதே என்பதற்காக அறியாத தொழிலொன்றைத் தொடங்கி, இரண்டாவது வருஷத்தில் அதை மூட நேர்ந்தவருக்கு, மானியமும் மிஞ்சுவதில்லை, கடனும் தீருவதில்லை. பயன்படாத இயந்திரங்கள் சாக்குப் போர்த்திக் கிடக்கும் கொட்டகைகளை நம் ஊர்ப் பக்கங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தொழிலை மூன்று வருஷம் நடத்திக் காட்டுவதற்கு வேண்டியது பயிற்சி. அதற்கும் வழி இருக்கிறது. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரே என்ற சிற்றூரில், தர்மஸ்தலத்தாரும் வங்கிகளும் கூடி, வேலையற்ற கிராம இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதன் வெற்றியைக் கண்டே, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் தேசமெங்கும் பின்னர் ஏற்பட்டன. இந்நிலையங்களில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உணவும் தங்குமிடமும்கூட இனாம். அடுத்த பயிற்சி எந்தத் தொழிலில், எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்பதை மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துகொள்ளலாம். கணக்கு எழுதுவது, அடக்க விலை போடுவது, வங்கியில் பேசுவது ஆகியவற்றையும் அங்கே சொல்லித் தருகிறார்கள் என்பதால், தொழிலை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கும் அது வீண்போகாது.

இனி, நம் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த மரச்சிற்பத் தொழிலை எடுத்துக்கொள்வோம். பட்டறையின் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வாகைப் பலகையின் மேல் கோடு வரைந்து, கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி முதலில் சுற்றிலுமுள்ள மரத்தை இறக்கி, பிறகு தோளும் தொடையும் திரண்டு வருமாறு உருவத்தை எழுப்பி, எல்லாம் முடிந்த பின் ஊசி போன்ற சிற்றுளியால் நகத்தையும் கண்ணிமையையும் திருத்தும் தச்சரை அருகே அமர்ந்து பார்த்தவர்கள், அந்த வேலையில் ஒரு கணப் பொழுதுகூட அலட்சியத்துக்கு இடமில்லை என்பதை அறிவார்கள். இத்தகைய மனிதருக்குக் குறைவது திறமையன்று. பல சமயங்களில் முதலுங்கூட அன்று. வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் பூஜை அறைக் கதவு ஒன்றுக்குச் சொல்கிறார். மாதக்கணக்கில் உழைத்து இவர் அதை லாரியில் ஏற்றி அனுப்புகிறார். பணமோ, "இன்று, நாளை" என்று ஆறு மாதம் இழுக்கிறது. அதற்குள் மரக்கடைப் பாக்கிக்காகக் கந்துவட்டிக்கு வாங்குகிறார். உழைப்பின் லாபம் முழுவதும் அந்த வட்டியிலே போய்விடுகிறது.

இந்தச் சங்கடத்துக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் பிறந்தது. குறு, சிறு தொழில் செய்பவரிடம் பொருள் வாங்கியவர், பேசிக்கொண்ட தவணைக்குள், அத்தவணை எவ்வாறிருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமல், பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தவணை ஒன்றும் பேசிக்கொள்ளவில்லையானால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் வட்டிக்கு வட்டி சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார். இதற்கென அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வழக்காட விரும்பும் கடைக்காரர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டே வழக்காட முடியும். உழைப்பாளியின் பக்கம் இவ்வளவு தூரம் சாய்ந்து நிற்கும் சட்டம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. இத்தனையும் இருந்தும் நம் பட்டறைகளில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்?

அந்தச் சட்டத்தின் நிழலுக்குள் வருவதற்கு வேண்டியது உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் ஒரு காசு கிடையாது. பான் எண்ணோ ஜி.எஸ்.டி. பதிவோ இல்லாத மிகச் சிறிய தொழிலாளிக்காக, வங்கிகளின் வாயிலாகப் பதிவு செய்துகொள்ளும் உத்யம் உதவித் தளம் 2023-இல் ஏற்பட்டிருக்கிறது. சரக்கை அனுப்புவதற்கு முன்பே பதிவை முடித்து வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு பில்லிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் நலம். பணம் நின்ற பிறகு பதிவுக்கு ஓடினால் பயன் குறைந்துபோகும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் குறியீடு கிடைத்துவிட்டது என்ற மாத்திரத்தில் ஒவ்வொரு தச்சரும் அதைத் தம் பொருளின் மேல் பொறித்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். 500 ரூபாயாக இருந்த அந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020-இல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவேட்டு அலுவலகமும் டில்லியில் இல்லை, நம் சென்னைக் கிண்டியிலேயே இருக்கிறது. பத்து ரூபாயில் கிடைக்கும் அந்த உரிமையைப் பெறாமல், வேறு ஊரில் இயந்திரத்தில் கடைந்த உருவங்கள் நம் ஊர்ப் பெயரில் விலைபோவதைப் பார்த்து வருத்தப்படுவதால் என்ன பயன்? முப்பத்தைந்து வயது நிரம்பிய கைவினைஞர்களுக்காக 2025 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டமும் இருக்கிறது. 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், 5 சதவீதம் வரை வட்டிச் சலுகையும் அதில் அடங்கும். புதிய உளிகளும் அறுவை இயந்திரமும் வாங்க அது உதவும். எனினும் என்னைக் கேட்டால் முதலில் பதிவு, அடுத்துக் குறியீடு, அதற்கப்புறமே கடன் என்பேன்.

மலைமேல் உள்ள சகோதரர்களின் நிலை வேறு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் 1976 வரை இருந்த பூமி அது. அரசாங்கத்தின் ரஸ்தாவும் பள்ளிக்கூடமும் மற்ற ஊர்களைவிட வெகு தாமதமாகவே அங்கே போய்ச் சேர்ந்தன. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட துயரத்துக்குப் பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியது. மலையில் நேர்மையான தொழில் பெருகினாலன்றி, இளைஞர்கள் வெளிமாநிலங்களுக்கு மரம் வெட்டவோ கூலி வேலைக்கோ போய்த் துன்புறுவது நிற்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாமையைப் பாருங்கள். களத்தில் அடித்துத் தூற்றிய சாமையை உமியோடு மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டால் கிடைப்பது ஒரு விலை. அதே சாமை உமி நீங்கி அரிசியாகி நகரத்துக் கடையில் பொட்டலமாக அமரும்போது அதன் விலை வேறு. இரண்டுக்கும் இடையே நிற்பது உமி நீக்கும் இயந்திரம் ஒன்றுதான். உரலில் குத்திக் குத்திப் புடைத்த பெண்களின் கைகளுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். இயந்திரம் வந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. உமியோடு இருக்கும் சாமை வருஷக்கணக்கில் கெடாது, உமி நீக்கிய அரிசியோ தவிட்டின் எண்ணெயால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆதலால் விற்கும் அளவுக்கு அவ்வப்போது அரைக்க வேண்டும். கல் நீக்கும் சாதனம் எது, பொட்டலத்துக்கு ஏற்ற உறை எது என்பனவற்றைத் தஞ்சாவூரில் உள்ள மத்திய உணவு பதனிடும் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சியாகவே கற்றுக்கொள்ளலாம். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது, ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்தே வந்தது. விதை முதல் விற்பனை வரை விசாரிக்கத் தக்க இடம்.

மரவள்ளி விஷயமும் அத்தகையதே. கிழங்கைத் தோண்டி எடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் உட்புறம் கறுக்கத் தொடங்கிவிடும். ஆகையால் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துக்குப் 'பாயிண்ட்' பார்த்துச் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர மலைவாசிக்கு வேறு வழியில்லை. கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கவோ வறுவலாக்கவோ தெரிந்த ஒரு மகளிர் குழு மலையிலேயே இருந்தால், விலை விழுந்த வருஷத்தில் கொஞ்சமாவது பொறுத்திருந்து விற்கலாம். மலையின் மேற்கே, சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில், மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் உரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகத்தில் மாவுச்சத்து அதிகம், தேமல் நோய் வராத கரணை எங்கே கிடைக்கும் என்று அங்கே போய்க் கேட்பதற்கு யாரும் ஒரு காசும் வாங்கமாட்டார்கள்.

கடுக்காயும் புளியும் தேனும் சேகரிப்பவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பரம்பரையாகச் சேகரித்துவரும் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் மலைவாசிகளுக்கு உரிமையையே அளிக்கிறது. அவ்வுரிமைக்கான மனு கிராம சபையிலிருந்து தொடங்குகிறது. மேலும், பழங்குடியினரும் ஆதிதிராவிடரும் தொழில் தொடங்குவதற்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மூலதனத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இத்தனாம் வகுப்புப் படித்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை அதில் கிடையாது. பள்ளிக்கூடம் தாமதமாக வந்த மலைக்கு இந்த ஒரு தளர்வு எவ்வளவு பெரிய நன்மை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மையாகிவிடும். இலவசமாகச் செய்யக்கூடிய உத்யம் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு, அரசாங்க இணையதளத்தைப் போன்றே தோற்றமளிக்கும் வேறொரு தளத்தில் பதிந்து, வண்ணக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான தளத்தின் முகவரி அரசாங்கத்துக்குரிய 'கவ் டாட் இன்' என்ற எழுத்துகளில் முடியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்று சதவீதக் கணக்கில் கமிஷன் பேசுபவரை வீட்டுப் படியேற விடாதீர்கள். திட்ட அறிக்கை எழுதத் தெரியாதே என்று பயப்படவும் வேண்டாம். 2020-இல் தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில், மாவட்ட வள நபர் என்று ஒருவரை நியமித்து, திட்ட அறிக்கை தயாரிப்பது முதல் வங்கியில் கடன் பெறுவது வரை கூடவே இருந்து உதவும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கடன் ஒப்பளிப்பாகும் ஒவ்வொரு மனுவுக்கும் அரசாங்கமே அவருக்கு ஊதியம் தருகிறது. அரசாங்கம் கொடுத்த பிறகு நீங்கள் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

வங்கியில் அடமானம் கேட்டார்கள் என்று மனம் உடைந்து திரும்புபவர்கள் பலர். குறு, சிறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. 2015-இல் வந்த முத்ரா கடனும் ஜாமீன் இல்லாததே. மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மேலாளரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக, அந்தக் காரணத்தை எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதக் கேட்டவுடன் பல காரணங்கள் கரைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம்.

இங்கே, தொழில் செய்யாத சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க தேசத்தில் சிறுதொழிலுக்கென்று தனி அரசாங்க நிர்வாகம் ஒன்றை 1953-இல் ஏற்படுத்தினார்கள். அதன் ஆதரவில் 1964-இல், வியாபாரத்திலிருந்தும் நிர்வாகத்திலிருந்தும் ஓய்வு பெற்ற அனுபவஸ்தர்கள் ஒன்றுகூடி, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கூலி பெறாமல் யோசனை சொல்லும் ஸ்கோர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது இன்றளவும் நடந்து வருகிறது. நம் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்களும் ஆசிரியர்களும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் குறைவா? அவர்களில் நாலைந்து பேர் முறைபோட்டுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் வெள்ளிமலையில் அமர்ந்து, வருபவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டுமென்று சொல்லியனுப்பினால், இடைத்தரகருக்கு அங்கே வேலையே இராது. இதற்கு அரசாணை வேண்டாம். ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் மனமும் இருந்தால் போதும். அவர்களுள் ஒருவராவது இந்த மடலைப் படித்துவிட்டு மலையேறினால் மிகவும் மகிழ்வேன்.

பதிவோ கடனோ பயிற்சியோ எதுவும் தெளிவாகாவிட்டால், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், தொழில் செய்யும் இடத்தின் வரி ரசீது அல்லது வாடகைப் பத்திரம், மலைவாசியானால் சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். மனுவில், "உதவி செய்யுங்கள்" என்று பொதுப்பட எழுதாமல், இன்ன கடைக்காரர் இன்ன தேதியில் வாங்கிய சரக்குக்குப் பணம் தரவில்லை என்றோ, இன்ன குழுவுக்குச் சாமை உமி நீக்கும் இயந்திரமும் அதை இயக்கப் பயிற்சியும் தேவை என்றோ ஒரே விஷயத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கொடுத்த மனுவுக்கு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதை வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். ஒரு மாதம் கழித்தும் பதில் வராவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஊரார் ஒருவர்